காவிரிப் படுகையில் இரண்டு நாள் தட்டான் நடை: ஒரு மதிப்புரை

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவே, குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு வயல்வீட்டில் தங்கவைத்து, இரண்டு நாட்கள் தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் மட்டுமே காட்டுகிற சேவை ஒன்றை, கடந்த ஐப்பசி மாதத்தில் குடும்பத்தோடு சென்று அனுபவித்துத் திரும்பினோம். தலைக்கு 1,800 ரூபாய். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். ஒரு முறைக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்த்துக்கொள்வதில்லை. நடத்துபவர்கள் விலங்கியல் படித்த ஓர் இளைஞரும், ஐம்பது ஆண்டுகளாக அதே மண்ணில் நெல் பயிரிட்டு வரும் அவருடைய பெரியப்பாவும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. கூட்டம் பெருகினால் வரப்பு தாங்காது என்பது பெரியவரின் கவலை, அது நியாயமான கவலைதான்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்துக்கு இது தகும். ஆனால் அரிய இனங்களைப் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசையோடு வருபவர்கள் மனம் ஒடிந்து போவார்கள். இரண்டு நாட்களில் என் குறிப்பேட்டில் ஏறியவை 23 இனங்கள். அவற்றில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று, பெரும்பாலானவை கடல் கடந்த நாடுகளிலும் சர்வ சாதாரணமாகப் பறப்பவை. அது ஏன் அப்படி இருக்கிறது, காவிரியின் தலைமாட்டில் ஏன் வேறு கதை இருக்கிறது என்பதை வரப்பில் நிற்கவைத்தே விளங்கச் செய்கிறார்களே, அதற்குத்தான் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தட்டான், தட்டாரப்பூச்சி என்பவையே பேச்சு வழக்கு. எழுத்தில் தும்பி என்றும் வருகிறது. பழைய பாடல்களில் வருகிற தும்பி பூவில் தேன் எடுக்கும் வண்டு என்பதால், படித்தவர்களிடையேகூட இந்தச் சொல்லால் குழப்பம் நேர்கிறது. வழிகாட்டி இளைஞர் தட்டான், ஊசித்தட்டான் என்ற இரண்டையுமே இரு நாட்களும் பயன்படுத்தினார். உட்காரும்போது சிறகுகளைப் பக்கவாட்டில் விரித்தே வைத்திருப்பது தட்டான். முதுகின் மேல் கூப்பிக்கொள்வது ஊசித்தட்டான். தட்டானின் இரண்டு பெரிய கண்களும் பெரும்பாலும் தலையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு ஓரங்களில் குமிழ்களைப் போல விலகி நிற்கும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் படுகை வயலில் இந்த அடையாளங்கள் போதும்.

முதல் நாள் காலை ஐந்தே காலுக்கே எழுப்பிவிட்டார்கள். கைவிளக்கை அணைத்துவிட்டு, பின்பக்க வயலின் வரப்பில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார் பெரியவர். சம்பா நட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பயிர் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருக்க, தண்ணீர் நான்கு விரல் ஆழத்துக்கு நின்றது. வெளிச்சம் வரத் தொடங்கியபோது, எனக்கு ஒரு முழ தூரத்தில், நெல்தாளில் தொற்றிக்கொண்டிருந்த சேற்று நிறப் பூச்சி ஒன்றின் முதுகு வெடித்திருப்பதைக் கண்டேன். வெடிப்பின் வழியே வெளுத்த ஓர் உடல் பிதுங்கி, தலைகீழாகச் சரிந்து, வாலின் நுனி மட்டும் பழைய தோலில் மாட்டியிருக்கத் தொங்கியது. இருபது நிமிடங்களுக்கு அசைவே இல்லை. செத்துவிட்டதோ என்று என் மகள் கேட்டதற்கு, “கால் இறுகுற வரைக்கும் அப்படித்தாம் பாப்பா இருக்கும், பாத்துக்கிட்டே இரு” என்றார் பெரியவர். அவர் சொன்னபடியே அது சட்டென்று உடலை வளைத்து எழும்பி, தான் கழற்றிய சட்டையையே பற்றிக்கொண்டு, மீதி வாலையும் உருவிக்கொண்டது. கசங்கிய துணி முடிச்சைப் போல இருந்த சிறகுகளுக்குள் உடலின் நீர்மம் ஏற ஏற, அவை பால் நிறத்தில் விரிந்தன. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. எந்த இனம் என்று கேட்டேன். புதிதாக வெளிவந்ததற்கு நிறம் ஏறச் சில நாட்கள் ஆகும், இப்போதே பெயர் சொல்ல அவசரப்படக் கூடாது என்றார் இளைஞர். தெரிந்ததைக் காட்டிக்கொள்வதைவிடப் பொறுத்திருக்கத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தது எங்கள் நல்ல காலம்.

வெயில் ஏறியதும் வயல் உயிர்பெற்றது. நெற்பயிருக்கு மேல் தயங்கித் தயங்கிப் பறந்த நியூரோதெமிஸ் டுல்லியா என்ற தட்டானைத்தான் முதலில் காட்டினார்கள். ஆணின் சிறகுகளில் பாதி கருநீலம், அதை அடுத்து ஒரு வெள்ளைப் பட்டை, நுனி கண்ணாடி. முதுகு நெடுகிலும் வெளிர் கோடு ஒன்று ஓடுகிறது. பெண்ணுக்கோ மஞ்சளும் பழுப்பும் கலந்த வேறு நிறம். சொல்லித் தராவிட்டால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். வாய்க்கால் ஓரத்துக் கோரையில் செரியாக்ரியன் கோரமாண்டலியானம் என்னும் ஊசித்தட்டான், மஞ்சள் வாலோடு, புல்லுக்குப் புல் தாவிக்கொண்டிருந்தது. பெயரிலேயே சோழமண்டலக் கரை இருப்பதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, வால் நுனியில் நீலப் புள்ளி வைத்த இஸ்க்னூரா செனகலென்சிஸ் உட்கார்ந்திருந்தது. அதன் பெயரில் இருப்பதோ மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல்; ஆப்பிரிக்காவில் தொடங்கி ஜப்பான் வரைக்கும் அது பரவியிருக்கிறது. மதகுக் கல்லின் மேல், உடல் மெலிந்து வால் நுனி தடித்த, பச்சையும் கறுப்புமான ஆர்தெட்ரம் சபைனா இன்னொரு தட்டானைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதுவும் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை உள்ள இனம். மிளகாய்ப்பழச் சிவப்பில் மின்னிய குரோகோதெமிஸ் செர்விலியா ஆசியா முழுவதும் பரவியதோடு நில்லாமல், மனிதர்கள் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் குடியேறிவிட்டது. அரை மணி நேரத்தில், ஒரே வரப்பில் நின்றபடி, பாதி உலகத்தின் வரைபடத்தை நாங்கள் பார்த்து முடித்திருந்தோம்.

காலை உணவு இட்லி, கொத்தமல்லித் துவையல், பசும்பால் காப்பி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு புங்கமரத்தடியில் முக்கால் மணி நேரம் ஒரு பேச்சு. இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது அதைத்தான்.

2008-ஆம் ஆண்டில் உலகத்து நன்னீர் உயிரினங்களைக் கணக்கெடுத்தபோது, தட்டான்களும் ஊசித்தட்டான்களுமாக 5,680 இனங்கள் அறியப்பட்டிருந்தன. அவற்றில் இந்தியா உள்ளிட்ட ஆசிய வெப்பமண்டலத்தில் 1,665 இனங்கள், நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் சேர்ந்த வெப்பமண்டலத்தில் 1,636 இனங்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 889 தான். ஐரோப்பா முழுவதையும் வட ஆசியாவையும் சேர்த்தாலும் 560. அதன் பின்னரும் ஆண்டுதோறும் புதிய இனங்கள் சேர்ந்துகொண்டே வர, மொத்தம் 6,000-ஐத் தாண்டிவிட்டது. 2021-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 6,016 இனங்களின் நிலையை மதிப்பிட்டு, 16 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக அறிவித்தது. வெப்பமண்டலத்தில் இவ்வளவு இனங்கள் பெருகக் காரணம் வெப்பம் மட்டுமன்று என்று இளைஞர் விளக்கினார். மழைக்காட்டு மலைகளில் வற்றாத சிற்றோடைகள் நெடுங்காலமாக நிழலிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓடையில் பிறந்த ஊசித்தட்டானுக்கு அதைவிட்டுப் போக வேண்டிய தேவையே எழுவதில்லை. ஒரு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் இனமும் இந்தப் பக்கம் வேறோர் இனமுமாக அவை பிரிந்து நிற்கின்றன. வயலும் குட்டையும் அப்படியல்ல. கோடையில் காய்ந்து வெடிக்கிற தண்ணீரை நம்பிப் பிறந்த தட்டான், அடுத்த தண்ணீரைத் தேடிப் பறந்தே ஆக வேண்டும். பறக்கத் தெரிந்தது பரவும். பரவியது எங்கும் ஒன்றேபோல் இருக்கும்.

இதை அவர் காவிரியைக் கொண்டே காட்டியதுதான் என் மனத்தில் நிலைத்துவிட்டது. குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றும் ஆறு சுமார் 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாரில் கடலைச் சேருகிறது. அந்த ஆறு பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. புரோட்டோஸ்டிக்டா என்ற பேரினத்தைச் சேர்ந்த மெல்லிய ஊசித்தட்டான்கள் காட்டோடையின் இருட்டை விட்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை. கடலால் பிரிந்த இலங்கையிலும் இதே நிலைதான்: சுமார் 130 இனங்களில் பாதிக்கு நெருங்கியவை அந்தத் தீவுக்கே சொந்தமானவை. அதே ஆறு கல்லணையைத் தாண்டிக் குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் வெண்ணாறாகவும் வெட்டாறாகவும் கிளைத்து வயலுக்குள் நுழையும் இடத்தில், மலைவாசிகள் ஒருவர்கூட இல்லை. இங்கே நாம் காண்பதெல்லாம் நாடோடிகள். ஒரே ஆற்றின் ஒரு முனையில் இருந்த இடத்தை விட்டு நகராதவை, மறுமுனையில் ஓரிடத்தில் நில்லாதவை. பள்ளிக்கூடத்தில் காவிரியைப் பற்றி எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். இந்தக் கோணத்தில் அந்த ஆற்றை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள், கையில் கொடுத்த கையேட்டின் அட்டையில் செய்திருந்த பிழையை நான் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். அட்டை முழுக்க, பச்சை மரகதமாய் ஒளிரும் சிறகுகளோடு ஓர் ஊசித்தட்டானின் படம். அது நியூரோபேசிஸ் சைனென்சிஸ். இந்தியா தொடங்கிச் சீனா வரைக்கும் பரவிய இனம்தான் என்றாலும், அது வாழ்வது பாறைகளின் நடுவே சலசலத்து ஓடும் மலையோடைகளில் மட்டுமே. களிமண்ணும் கலங்கல் நீருமான படுகையில் அதைத் தேடுவது வீண். என் மகள் இரண்டு நாட்களும் “அந்தப் பச்சை எங்கே அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், வேறு இரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள். அழகான படம் என்பதற்காக வைத்தோம் என்று இளைஞர் ஒப்புக்கொண்டார். எந்த உயிர் எங்கே வாழும் என்பதையே பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அந்தப் படம் அந்தப் பாடத்துக்கே எதிராக நிற்கிறது. கையேட்டின் உள்ளே இன்னொரு குறையும் உண்டு. எல்லாப் படங்களும் ஆண்களுடையவை. வயலில் நாம் பார்ப்பவற்றில் கணிசமானவை பெண்களும் நிறம் முதிராத இளசுகளும்தான். அவற்றுக்குப் படம் இல்லாமல் புதியவர்கள் திணறுகிறார்கள். இருபது பக்கக் கையேட்டில் நான்கு பக்கங்களைக் கூட்டினால் தீர்ந்துவிடும் குறை இது.

பதினோரு மணிக்கு வெள்ளை நிற பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் வயல் தண்ணீரை மொண்டு ஊற்றி, அதில் இருந்த இளம்புழுக்களைக் காட்டினார்கள். தட்டானின் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் கழிகிறது என்பது பலருக்கும் தெரியாது. எனக்கும் அன்று வரை ஏட்டறிவாகவே இருந்தது. சேறு படிந்த ஒரு புழு, பேசினின் ஓரத்தில் ஆடாமல் அசையாமல் கிடந்தது. கொசுப்புழு ஒன்று துள்ளித் துள்ளி அதன் முன்னால் வந்தது. புழுவின் முகத்திலிருந்து மடக்கி வைத்த கை ஒன்று நீண்டதைப் போலத் தோன்றியது. அடுத்த கணம் கொசுப்புழு அதன் வாயில் இருந்தது. அது கையல்ல, கீழ் உதடு. முகத்தின் மேல் முகமூடியைப் போல மடித்து வைத்துக்கொண்டு, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் நீட்டிக் கவ்வுகிறது. குச்சியால் மெல்லத் தீண்டினால், பின்புறத் துளையின் வழியே தண்ணீரைப் பீய்ச்சி அம்புபோல் முன்னே பாய்கிறது. மூச்சுவிடும் செவுள்களும் அதே குடலறைக்குள்தான் இருக்கின்றன. ஊசித்தட்டானின் புழுவுக்கோ வால் நுனியில் மூன்று இலைகளைப் போலச் செவுள்கள் வெளியே நீண்டிருக்கின்றன. அதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். பேசினை வெயிலில் நெடுநேரம் வைத்துவிட்டதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன உடனே நிழலுக்கு மாற்றி, பத்து நிமிடத்துக்குள் அந்தத் தண்ணீரை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

மருந்து தெளிக்கும் வழக்கத்தைப் பற்றிய பேச்சும் அங்கேதான் எழுந்தது. இவர்களுடைய வயலில் சில ஆண்டுகளாகப் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை. இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியையும், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் தட்டானும் ஊசித்தட்டானும் பிடித்துத் தின்பதைப் பெரியவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். ஆகவே பக்கத்து வயலைக் காட்டி, ‘பார், அங்கே தட்டானே இல்லை’ என்று சொல்லுவார்கள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பறக்கும் தட்டானை எண்ணி வயலை எடைபோடக் கூடாது. அது எங்கிருந்தும் வந்திருக்கும், எங்கும் போகும். தாளில் தொற்றிக்கொண்டிருக்கும் கழற்றிய சட்டைகளை எண்ணுங்கள், அவைதான் அந்த வயலில் பிறந்ததற்குச் சாட்சி என்றார் இளைஞர். எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒரு பாய் அகல வயலில் சட்டைகளைத் தேடச் சொன்னார்கள். நானும் என் மனைவியும் எங்கள் பங்கில் பதினொன்றைக் கண்டெடுத்தோம். ஜப்பானில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலத்துச் சிவப்புத் தட்டான்கள் வயல்களில் வெகுவாகக் குறைந்துபோனதற்கு, நாற்றுப் பெட்டிகளில் இடப்பட்ட ஃபிப்ரோனில் போன்ற மருந்துகளை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டியிருப்பதையும் அவர் சொன்னார். அவையும் புழுப் பருவத்தில் வயல் தண்ணீரில்தான் மடிந்தன. பறப்பதைப் பார்த்து மனம் நிறைந்துவிடாமல் பிறந்த இடத்தைத் தேடிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை, ஊர் திரும்பிய பிறகும் நான் விடவில்லை.

பிற்பகலில் ஊர்க் கோவில் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். கருங்கல் படித்துறையில் எதுவுமே இல்லை என்று நான் நினைத்த இடத்தில், கல்லின் நிறத்திலேயே கறுப்பும் சாம்பலுமாகப் பொறித்த ஒரு தட்டான், சிறகுகளைக் கல்லோடு ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தது. பிராடினோபைகா ஜெமினாட்டா. அது பாறைக் குழிகளிலும், இப்போது வீட்டுச் சிமெண்டுத் தொட்டிகளிலும் முட்டையிடுகிறது; கோடையில் ஆறு வறண்ட பிறகும் ஊருக்குள் தென்படும் சில இனங்களில் இதுவும் ஒன்று. குளத்தில் நட்டிருந்த மூங்கில் கழியின் உச்சியில், வாலின் எட்டாம் கணுவில் இரண்டு பக்கமும் இலைபோன்ற விரிப்புகள் கொண்ட இக்டினோகாம்பஸ் ரேபாக்ஸ் காவல் நின்றது. விரட்டினாலும் அரை நிமிடத்தில் அதே கழிக்குத் திரும்பியது. திரும்பும் வழியில், சாக்கடை கலக்கும் கால்வாய் ஒன்றின் ஓரத்தில் செம்மஞ்சள் சிறகுகளோடு பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டா நூற்றுக்கணக்கில் இருந்தது. அழுக்குத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் இனம் அது. அது மட்டுமே மிகுந்து, மற்றவை குறைந்திருக்கும் தண்ணீரைக் குறித்துக் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது பயனுள்ள பாடம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மீண்டும் வாய்க்கால் கரை. மற்ற தட்டான்கள் அடங்கிய பிறகுதான் தோலிமிஸ் டில்லார்கா வெளியே வந்தது. ஆணின் பின்சிறகில் பழுப்புத் திட்டும் அதையொட்டி வெள்ளைத் திட்டும் இருப்பதால், அரையிருட்டில் அந்த வெள்ளை மட்டுமே முன்னும் பின்னுமாக மின்னியது. கொசு கடித்தது உண்மை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

இரண்டாம் நாள் தரங்கம்பாடி. வேனில் இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஆகிவிட்டது. டேனியர்கள் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை, இந்தக் கரையிலிருந்து பூச்சி மாதிரிகளும் கப்பலேறி டென்மார்க்குக்குச் சென்றன. டேனிய நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ், தட்டான்களுக்கான ‘ஓடோனாட்டா’ என்ற வரிசைப் பெயரை 1793-இல் வைத்தவர். கோரமாண்டல் ஊசித்தட்டானுக்கும், உலகிலேயே மிகப் பரவலான தட்டானாகிய பாண்டலா ஃபிளாவெசென்சுக்கும் அவரே 1798-இல் பெயரிட்டார். அந்தப் பாண்டலாவைப் பார்க்கத்தான் கடற்கரைக்கு வந்திருந்தோம்.

காலையில் பெய்த தூறல் நின்று, வடகிழக்கிலிருந்து காற்று சீராக வீசத் தொடங்கியதும், கோட்டைக்கு முன்னால் இருக்கும் வெளியில் அவை திரண்டன. பொன்மஞ்சள் உடல், பின்சிறகின் அடிப்பகுதி வழக்கத்துக்கு மீறி அகன்றது. அந்த அகலத்தால்தான் இறகடிக்காமலேயே காற்றில் மிதந்து செல்ல முடிகிறது. ஒன்றுகூட உட்காரவில்லை. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வருவதைக் கவனித்து, அவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். போக வரச் சேர்த்து 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவருடைய கணிப்பு. ஒரே தட்டான் அதை முடிப்பதில்லை, வழியில் மழை பெய்த குட்டைகளில் முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பயணம் தொடர்கிறது. ஒரு தட்டான் எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறகில் பதிந்திருக்கும் ஹைட்ரஜன் ஐசோடோப்பின் (இடத்துக்கு இடம் தண்ணீரில் விகிதம் மாறும் ஹைட்ரஜன் அணு வகை) அளவைக் கொண்டு, மாலத்தீவில் பிடித்தவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று 2012-இல் கண்டறிந்தார்கள். “தட்டான் தாழப் பறந்துச்சுன்னா அன்னிக்கு யூரியா வீச மாட்டோம் தம்பி, மழையில கரைஞ்சு போயிடும்” என்று பெரியவர் என்னிடம் சொன்னார். மழைக்காற்றோடு சேர்ந்தே இந்த இனம் நகர்கிறது என்பதை அறிவியல் எழுதுவதற்கு முன்பே, அதை நம்பி உழவர்கள் வேலையை ஒத்திவைத்திருக்கிறார்கள்.

உப்புத் தண்ணீரைச் சகித்துக் கடலோரத்தில் மட்டுமே வாழும் மாக்ரோடிப்ளாக்ஸ் கோராவையும் அங்கே காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றே ஒன்று காய்ந்த குச்சியின் நுனியில் கொடிபோல் நிமிர்ந்து நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். கழிமுகத்துப் பக்கம் நடந்துபோய் நிதானமாகத் தேட நேரம் இல்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேன் கிளம்ப வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். இரண்டாம் நாளின் பெருங்குறை இதுதான். நான்கு மணி நேரத்துக்கு நெருங்கிய பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டுமே கரையில் நிற்பது போதாது. ஒன்று, முந்தின இரவே தரங்கம்பாடியில் தங்கவைக்க வேண்டும்; அல்லது கடற்கரையை விட்டுவிட்டு, அருகில் உள்ள வடுவூர் ஏரிக்குப் போகலாம். பறவைகளுக்காக 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியில் தட்டான்களுக்கும் குறைவிருக்காது.

வேறு சில குறைகளும் உண்டு. எட்டுப் பேருக்கு இரண்டே இருநோக்கிகள் என்பது மிகக் குறைவு. அதிலும் ஒன்று மூன்று மீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டவில்லை. பறவை பார்க்க அது போதும். இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள அக்ரியோக்னெமிஸ் பிக்மியா போன்ற ஊசித்தட்டானைப் பார்க்க, ஒன்றரை மீட்டருக்குள் குவியும் கருவி வேண்டும். சொந்தமாக வைத்திருப்பவர்கள் எடுத்துச் செல்லுங்கள். காலை நடை மூன்று மணி நேரம் நீள்கிறது; வயல்வெளியில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி இல்லை. பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி வர ஓர் இடைவேளை வைக்கும்படி என் மனைவி கேட்டுக்கொண்டார். மற்றபடி வலைபோட்டுப் பிடிப்பது, சிறகைப் பற்றிக்கொண்டு படம் எடுப்பது எதற்கும் இவர்கள் இடம் தருவதில்லை. சிறு வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவன் நான். என் மகள் அதைச் செய்யப் போவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களே மிகப் பொருத்தம். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவதால், சித்திரை, வைகாசியில் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்; அப்போது போய்ப் பயனில்லை. களிமண் வரப்பு மழையில் வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. பிடிமானமுள்ள பழைய காலணி நல்லது. முழுக்கைச் சட்டை கொசுவுக்கும் வெயிலுக்கும் சேர்த்து உதவும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அந்த இருபது நிமிட அசைவின்மையைப் பொறுத்திருப்பது கடினம் என்று தோன்றுகிறது.

கிளம்பும்போது கையேட்டின் அட்டையைப் பற்றி மறுபடியும் பேசினேன். மலையோடையின் பச்சைச் சிறகுக்குப் பதிலாக, வாய்க்கால் கோரையில் உட்காரும் மஞ்சள் வால் கோரமாண்டல் ஊசித்தட்டானின் படத்தைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இளைஞர் பெரியப்பாவைப் பார்த்தார். “நம்ம வயல்ல இருக்கறதத்தானே போடச் சொல்றாரு, போடுறா” என்றார் பெரியவர். அடுத்த அச்சில் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தை மாதம், சம்பா அறுவடை முடிந்து தண்ணீர் வடியும் வாரத்துக்கு மீண்டும் இடம் பதிந்து வைத்திருக்கிறேன்.